மூலக்குறியைக் கழற்றிவிட்டு வகையிடுங்கள்

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்தால் சேலம் நகரம் முழுக்க விரிந்து கிடக்கும். அங்கிருந்து அடிவானம் எவ்வளவு தூரம் என்று கணக்கிட எளிய வாய்பாடு ஒன்று உண்டு. சமவெளிக்கு மேல் உங்கள் உயரம் ப மீட்டர் என்றால், அடிவானத்தின் தூரம் ஏறத்தாழ 3.57√ப கிலோமீட்டர். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்பதிலிருந்து வரும் எண் இது. ஒளி காற்றில் வளைவதையும் நடுவே மறைக்கும் குன்றுகளையும் இது கணக்கில் எடுப்பதில்லை. இப்போது கேள்வி: லேடீஸ் சீட்டில் நிற்பவர் இன்னும் ஒரு மீட்டர் மேலே ஏறினால் கூடுதலாக எவ்வளவு தெரியும்? கீழே சேலத்தில் ஒரு மொட்டை மாடியில் நிற்பவர் அதே ஒரு மீட்டர் ஏறினால்? இரண்டுக்கும் விடை வேறு வேறு. இரண்டையும் ஒரே வரியில் தருவது √ப-இன் வகைக்கெழு, அதாவது ப மாறும்போது √ப மாறும் வீதம்.

பதினொன்றாம் வகுப்பில் வகையிடலுக்கு வரும்போது ப², ப³ வரை யாரும் தடுமாறுவதில்லை. மூலக்குறியும் பகுதியில் உட்கார்ந்திருக்கும் அடுக்கும் வந்தவுடன்தான் மதிப்பெண் நழுவுகிறது. அப்படி நழுவும் கணக்குகளை எடுத்துப் பார்த்தால், வகையிட்ட வரி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்கு முந்தைய வரியில், மூலத்தை அடுக்காக மாற்றி எழுதிய இடத்தில், பிழை இருக்கும். அதனால் இங்கே முதல் இடத்தை அந்த முந்தைய வரிக்கே ஒதுக்குகிறோம்.

குறியீடு பற்றி ஒரு சொல். பாடநூலில் எக்ஸ், ஒய் என்று இருப்பதை இங்கே ப, ச என்று எழுதுகிறோம். ப மாறி, ச சார்பு, ச′ அதன் வகைக்கெழு. ப^(1/2) என்றால் ப-இன் அடுக்கு 1/2. பொதுவான அடுக்கைக் குறிக்க ந.

முதல் வேலை: மாற்றி எழுதுதல்

மூலம் என்பது பின்ன அடுக்கு. பகுதியில் இருக்கும் அடுக்கு மேலே வந்தால் குறை அடுக்கு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எந்த உறுப்பையும் "எண் × ப-இன் அடுக்கு" என்ற ஒரே உருவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

√ப = ப^(1/2)
³√ப = ப^(1/3)
⁴√(ப³) = ப^(3/4)
1/ப³ = ப⁻³
1/√ப = ப^(−1/2)
ப√ப = ப^(3/2)
ப²/³√ப = ப^(5/3)

நான்காவது மூலத்துக்குள் ப³ இருந்தால் எது மேலே, எது கீழே என்று குழப்பம் வரும். மூலத்தின் எண் எப்போதும் பின்னத்தின் பகுதியில் போய் உட்காரும், உள்ளே இருக்கும் அடுக்கு தொகுதியில் நிற்கும். சந்தேகம் வந்தால் ப = 16 போட்டுப் பாருங்கள். 16³ = 4096, அதன் நான்காம் மூலம் 8. 16^(3/4) என்பதும் 2³ = 8. திருப்பி 4/3 என்று எழுதியிருந்தால் 40-க்கு மேல் வந்திருக்கும்.

கெழுவில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். 3/(2ப⁴) என்பதில் மேலே ஏறுவது ப⁴ மட்டும். 2 கீழேயே நிற்கும். ஆகவே அது (3/2)ப⁻⁴. இதை 6ப⁻⁴ என்று எழுதிவிட்டு அதன்பின் பிசகாமல் வகையிட்டு என்ன பயன்? இதற்கு நேர் எதிராக 1/(2ப)³ என்றால் அடைப்புக்குள் இருக்கும் 2-உம் கனமாகும்: (1/8)ப⁻³. அதுபோல √(5ப) என்பது √5 × √ப. 5√ப இல்லை.

விதி, அதன் காரணம்

மாற்றி எழுதி முடித்தபின் வேலை சின்னது. ப^ந-இன் வகைக்கெழு ந × ப^(ந−1). அடுக்கை முன்னால் இறக்கு, அடுக்கில் ஒன்றைக் குறை. முன்னால் ஏற்கெனவே ஓர் எண் இருந்தால் அதோடு பெருக்கிக்கொள். தனி எண்ணின் வகைக்கெழு 0. கூட்டல் கழித்தலால் பிரிந்த உறுப்புகளைத் தனித்தனியாக வகையிடலாம்.

ந முழு எண்ணாக இல்லாவிட்டாலும் இது பலிக்கும் என்பதுதான் இந்த விதியின் அழகு. லைப்னிட்சு 1684-இல் வெளியிட்ட நுண்கணிதக் கட்டுரையின் தலைப்பிலேயே, பின்னங்களும் மூலங்களும் தன் முறைக்குத் தடையில்லை என்று அறிவித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் மூலம் வந்தால் அதை ஒழிக்க வர்க்கப்படுத்திப் பக்கம் பக்கமாகப் போராட வேண்டியிருந்தது. அவருடைய பெருமிதத்தில் நியாயம் இருக்கிறது.

√ப-க்கு மட்டும் எல்லை வழியாக ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள், பிறகு விதியில் நம்பிக்கை வரும். ப-ஐச் சிறு அளவு ஹ கூட்டினால் மாற்றத்தின் வீதம்

(√(ப+ஹ) − √ப) / ஹ

இதில் ஹ-ஐ நேரே 0 ஆக்கினால் 0/0 என்று நிற்கும். தொகுதியையும் பகுதியையும் √(ப+ஹ) + √ப என்ற இணையால் பெருக்குங்கள். தொகுதி (ப+ஹ) − ப = ஹ ஆகிவிடும். மேலும் கீழும் உள்ள ஹ அடிபட்டுப் போக மிஞ்சுவது

1 / (√(ப+ஹ) + √ப)

இனி ஹ-ஐ 0 நோக்கி நகர்த்தினால் 1/(2√ப). விதிப்படி பார்த்தாலும் (1/2)ப^(−1/2), அதே விடை. கனமூலத்துக்கு வேறு வழி இருக்கிறது: ச = ³√ப என்றால் ச³ = ப. இருபுறமும் வகையிட்டால் 3ச² × ச′ = 1, ஆகவே ச′ = 1/(3ச²), அதாவது (1/3)ப^(−2/3).

√ப வினாத்தாளில் அடிக்கடி வருவதால், வகைக்கெழு 1/(2√ப) என்பதை மட்டும் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். மற்ற மூலங்களுக்கு விதியே போதும்.

இப்போது லேடீஸ் சீட்டுக்கு வருவோம். 3.57√ப-இன் வகைக்கெழு 3.57/(2√ப). சமவெளிக்கு மேல் 1,100 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் √1100 ஏறத்தாழ 33.17. அடிவானம் சுமார் 118 கி.மீ. தூரத்தில். வகைக்கெழு 3.57/66.33 = 0.054. ஒரு மீட்டர் ஏறினால் கூடுதலாகக் கிடைப்பது 54 மீட்டர் மட்டுமே. சேலத்து மொட்டை மாடி 9 மீட்டர் உயரம் என்றால் அடிவானம் 10.7 கி.மீ., வகைக்கெழு 3.57/6 = 0.595. அங்கே ஒரு மீட்டர் ஏற்றத்துக்கு 595 மீட்டர்! மூலச் சார்புகள் எல்லாமே இப்படித்தான், தொடக்கத்தில் வாரி வழங்கிவிட்டுப் போகப் போகக் கையை இறுக்கும். வகைக்கெழுவில் √ப பகுதியில் இருப்பதற்குப் பொருள் அதுதான்.

ஒன்றைக் குறைக்கும்போது

குறை அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் இன்னும் கீழே போகும். ப⁻³-இன் வகைக்கெழு −3ப⁻⁴. −3ப⁻² என்று எழுதுபவர் ஒன்றைக் கூட்டிவிட்டார். மொட்டை எண்ணைப் பார்த்து "மூன்றில் ஒன்று போனால் இரண்டு" என்று கை பழக்கத்தில் எழுதிவிடும். எண்கோட்டில் இடப்பக்கம் ஓர் அடி என்று நினைத்துக்கொண்டால் பிசகாது. பின்ன அடுக்குகளில் 1-ஐ அதே பகுதியுள்ள பின்னமாக்கிக் கழியுங்கள்: 2/3 − 3/3 = −1/3. −1/2 − 2/2 = −3/2.

ஒரு முழுக் கணக்கு:

ச = 4ப³ − 6√ப + 5/ப² − 7

மாற்றி எழுதினால் ச = 4ப³ − 6ப^(1/2) + 5ப⁻² − 7

வகையிட்டால் ச′ = 12ப² − 3ப^(−1/2) − 10ப⁻³

திரும்ப மூல வடிவில் ச′ = 12ப² − 3/√ப − 10/ப³

கடைசி வரியில், வினா எந்த உருவில் கேட்டதோ அந்த உருவுக்கே திரும்புவது நல்ல பழக்கம். குறை அடுக்கிலேயே விட்டாலும் தவறில்லை, ஆனால் அடுத்து ஒரு மதிப்பைப் பிரதியிடச் சொன்னால் மூல வடிவம்தான் கைகொடுக்கும்.

விடை சரியா என்று பார்க்கக் கால்குலேட்டர் போதும். ப = 1-இல் ச′ = 12 − 3 − 10 = −1. இப்போது முதலில் தந்த ச-இல் 1.01 போட்டால் −4.00724, 0.99 போட்டால் −3.98721. வித்தியாசம் −0.02003, அதை 0.02-ஆல் வகுத்தால் −1.0016. −1-க்கு ஒட்டி வருகிறது, கணக்கு சரி. இரு பக்கமும் சம தூரத்தில் புள்ளி எடுப்பது முக்கியம். 1-ஐயும் 1.01-ஐயும் மட்டும் எடுத்தால் −0.72 என்று வந்து, சரியான விடையைத் தவறென்று நினைக்க வைத்துவிடும்.

வகுத்தல் விதியை எப்போது தொடக்கூடாது

ச = (ப² + 3ப − 2)/√ப

பகுதியைப் பார்த்தவுடன் வகுத்தல் விதியை எடுப்பவர்கள் அரைப்பக்கம் எழுதுவார்கள். பகுதியில் ஒற்றை உறுப்பு இருந்தால் பிரித்துவிடுங்கள்:

ச = ப^(3/2) + 3ப^(1/2) − 2ப^(−1/2)

ச′ = (3/2)√ப + 3/(2√ப) + 1/(ப√ப)

கடைசி உறுப்பின் குறியைக் கவனியுங்கள். −2-ஐ −1/2-ஆல் பெருக்க +1. ப = 4-இல் 3 + 0.75 + 0.125 = 3.875. வகுத்தல் விதியில் போனாலும் (11 × 2 − 26 × 1/4)/4 = 15.5/4, அதே 3.875.

இது தலைகீழாக √ப/(ப² + 3ப − 2) என்று இருந்தால் பிரிக்க முடியாது. √ப/ப² + √ப/3ப − … என்று உடைப்பது பெரும் பிழை. அங்கே வகுத்தல் விதிதான் வழி. பெருக்கலிலும் அவசரம் வேண்டாம். (√ப + 1)(√ப − 1) என்பதற்குப் பெருக்கல் விதி போடுபவர் நான்கு வரி எழுதி 1 என்று முடிப்பார். பெருக்கிப் பார்த்திருந்தால் ப − 1, விடை கண்ணெதிரே.

உள்ளே ஒரு கோவை இருந்தால்

√ப-க்குப் பதில் √(ப² + 9) வந்தால் அடுக்கு விதி மட்டும் போதாது. சங்கிலி விதி வேண்டும்: வெளியே உள்ளதை வகையிடு, உள்ளே உள்ளதை அப்படியே விடு, பிறகு உள்ளே உள்ளதன் வகைக்கெழுவால் பெருக்கு. உள்ளே இருப்பதை உ என்றால், √உ-இன் வகைக்கெழு உ′/(2√உ). உ^ந-இன் வகைக்கெழு ந × உ^(ந−1) × உ′.

√(ப² + 9) → 2ப/(2√(ப² + 9)) = ப/√(ப² + 9)

ப = 4-இல் 4/5. √(ப² + 9)-ஐ ப + 3 என்று "சுருக்கி" வகைக்கெழு 1 என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ப = 4 போட்டால் ஒன்று 5, மற்றது 7. மூலக்குறி கூட்டலுக்குள் புகுந்து பிரியாது.

உ′ மறந்துபோவது எங்கே என்றால், உள்ளே வெறும் எண்ணும் ப-உம் பெருக்கலாக இருக்கும்போது. மேல்நிலைத் தொட்டி ஒன்றின் அடியில் சிறு திறப்பு இருந்து, அதற்கு மேல் ப மீட்டர் நீர் நின்றால், பீறிடும் வேகம், உராய்வை விட்டுவிட்டால், √(19.6ப) மீட்டர்/விநாடி. இது டாரிசெல்லியின் விதி. இதை வகையிடச் சொன்னால் பலர் 1/(2√(19.6ப)) என்று நிறுத்துவார்கள். உள்ளே இருக்கும் 19.6ப-ஐ வகையிட்ட எண் எங்கே? சரியான விடை 19.6/(2√(19.6ப)), அதாவது 9.8/√(19.6ப). நீர் 10 மீட்டர் இருக்கையில் வேகம் 14, வகைக்கெழு 0.7. நீர் 2.5 மீட்டருக்கு இறங்கிவிட்டால் வேகம் 7, வகைக்கெழு 1.4. தொட்டி வற்ற வற்ற, ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் வேகம் விழுவது கூடுகிறது.

அடுக்கும் மூலமும் பகுதியும் ஒன்றாக வந்தாலும் வழி அதே:

1/³√(2ப − 5) = (2ப − 5)^(−1/3)

வகைக்கெழு: (−1/3)(2ப − 5)^(−4/3) × 2 = −2/(3(2ப − 5)^(4/3))

மூலத்துக்குள் மூலம் வந்தால், தட்டுவடை செட்டை மேல் தட்டிலிருந்து பிரிப்பதுபோல வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். √(ப + √ப)-இல் வெளி மூலம் 1/(2√(ப + √ப)) தரும். உள்ளே இருக்கும் ப + √ப-இன் வகைக்கெழு 1 + 1/(2√ப). இரண்டையும் பெருக்கினால் விடை. சுருக்க வேண்டியதில்லை. சுருக்கப் போய்ப் பிழை செய்பவர்களே அதிகம்.

பெருக்கலும் சங்கிலியும் சேர்ந்தது ஒன்று: ச = ப²√(1 − ப).

ச′ = 2ப√(1 − ப) + ப² × (−1)/(2√(1 − ப))

உள்ளே −ப இருப்பதால் வரும் அந்த −1-ஐ விட்டால் எல்லாம் போச்சு. பகுதியை ஒன்றாக்கினால் (4ப(1 − ப) − ப²)/(2√(1 − ப)) = ப(4 − 5ப)/(2√(1 − ப)). இங்கே சுருக்குவது அவசியம். ஏனென்றால் அடுத்த வினா பெரும்பாலும் பெரும மதிப்பு பற்றியதாக இருக்கும், ப = 4/5 என்று தொகுதியிலிருந்து நேரே படித்துவிடலாம்.

அடுக்கு என்பது சதவீதத்தின் பெருக்கியும்கூட

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வெள்ளி மணி உருட்டுகிறவருக்கு இந்த விதி எழுதாமலே தெரிந்திருக்கும். கெட்டியான மணி ஒன்றின் ஆரம் ப மில்லிமீட்டர் என்றால் கன அளவு (4/3)πப³. வகைக்கெழு 4πப², அதுவே கோளத்தின் புறப்பரப்பு. ஆரத்தைச் சிறிது கூட்டினால் ஏறுவது மேற்பரப்பு முழுவதும் பூசிய ஒரு மெல்லிய படலம்தானே. விட்டம் 4 மி.மீ. உள்ள மணிக்கு ஆரம் 2, கன அளவு 33.5 கன மி.மீ., வெள்ளியின் அடர்த்தி கன செ.மீ.-க்கு 10.5 கிராம் என்று கொண்டால் எடை 0.35 கிராம். விட்டம் 4.1 மி.மீ. ஆகிவிட்டால் ஆரம் 0.05 கூடுகிறது. 4π × 4 × 0.05 = 2.5 கன மி.மீ. விட்டத்தில் 2.5 சதவீதம், வெள்ளியில் 7.5 சதவீதம். துல்லியமாகப் பெருக்கிப் பார்த்தால் 7.7. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு தராசில் தெரிந்துவிடும்.

பொதுவாகச் சொன்னால், ச = ப^ந எனில் ப-இல் 1 சதவீத மாற்றம் ச-இல் ந சதவீத மாற்றம். கன அளவுக்கு மூன்று மடங்கு, வர்க்கமூலத்துக்குப் பாதி. லேடீஸ் சீட்டில் 1,100 மீட்டரில் 1 சதவீதம், அதாவது 11 மீட்டர் ஏறினால், 118 கி.மீ. தூரத்தில் அரை சதவீதம், சுமார் 590 மீட்டர் கூடும். முன்பு கண்ட 54-ஐ 11-ஆல் பெருக்கிப் பாருங்கள், 594. சதவீத மாற்றம் சிறிதாக இருக்கும்வரை மட்டுமே இது நம்பத்தகுந்தது. 20 சதவீதம், 30 சதவீதம் என்றால் நேரே பெருக்கிப் பார்ப்பதே மேல்.

விதி பொருந்தாத இடங்கள்

அடிமானத்தில் ப இருந்து அடுக்கில் எண் இருந்தால்தான் அடுக்கு விதி. 2^ப என்பதற்கு ப × 2^(ப−1) என்று எழுதக்கூடாது. அது வேறு குடும்பம், மடக்கை வரும். அதுபோல π³, √7 இவற்றில் மாறியே இல்லை. வகைக்கெழு 0. π³-க்கு 3π² என்று எழுதியவரை வினாத்தாள் ஏமாற்றவில்லை, எழுத்தின் தோற்றம் ஏமாற்றியது.

√ப-க்கு ப = 0-இல் வகைக்கெழு கிடையாது. 1/(2√ப)-இல் பகுதி 0 ஆகிறது. ³√ப, 0-இல் தொடர்ச்சியாகவே செல்கிறது, ஆனால் அங்கே தொடுகோடு செங்குத்தாக நிற்கிறது, சாய்வுக்கு எண் இல்லை. ³√(ப²) இன்னும் மோசம்: இடப்பக்கம் செங்குத்தாக இறங்கி வலப்பக்கம் செங்குத்தாக ஏறும் ஒரு கூர்முனை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வண்டி திரும்ப வளைந்துதான் போகின்றன, கூர்முனையில் எந்த வண்டியும் திரும்பாது. √(ப²) என்றால் ப இல்லை, |ப|. 0-க்கு வலப்பக்கம் சாய்வு 1, இடப்பக்கம் −1, 0-இல் வகைக்கெழு இல்லை. ஆகவே இப்படிப்பட்ட சார்புகளில் விடையின் அருகே "ப > 0" அல்லது "ப ≠ 0" என்று குறிப்பது விடையின் பகுதியே.

கைப்பேசியில் சரிபார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. ப^1/2 என்று அடைப்பில்லாமல் தட்டினால் கருவி ப-ஐ முதல் அடுக்குக்கு உயர்த்திவிட்டுப் பிறகு 2-ஆல் வகுக்கும். 9 போட்டால் 3 வர வேண்டிய இடத்தில் 4.5 வரும். −8-க்குக் கனமூலம் கேட்டு (−8)^(1/3) என்று தட்டினால் சில கருவிகள் பிழை என்று சொல்லும். அப்போது கனமூலக் குறியுள்ள பொத்தானை அழுத்துங்கள், −2 வரும்.